ஏழாம் ஆட்டத்திலிருந்து விழுந்த சுழிகள்

தம்பி,

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: நான், கால்சாவில் வேலையிடத்தில் சொல்லிவிட்டு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே வந்த உன் அப்பா, உன் தங்கச்சி அனிற்றா, கூப்பிடாமலே ஒரு தட்டுப் பொரித்த கத்தரிக்காயோடு இறங்கி வந்த மேல்வீட்டு இத்தாலியக்கார அம்மா சிஞ்ஞோரா கொன்செத்தா, உன்னைப் பற்றி விசாரிக்க வந்த அந்த மனிதர். மொத்தம் ஐந்து பேர். நாளைக்கு யாராவது உனக்கு வேறு விதமாகக் கதை சொன்னால், அவர் இந்த ஐவரில் ஒருவரா என்று முதலில் பார். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இன்று புதன். ஆனாலும் எனக்கு அந்தச் செவ்வாய் இன்னும் முடியவில்லை. காலையில் தேநீருக்குச் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டேன், அதை அப்பா முகம் சுளிக்காமல் குடித்தும் விட்டார். அவரும் அப்படித்தான் இருக்கிறார்.

இதைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ "ஒண்டுமில்லை அம்மா, நல்லா இருக்கிறன், சாப்பிட்டன்" என்பாய். நானும் "சரி ராசா" என்று வைத்துவிடுவேன். நாலு வருடமாக நாம் அப்படித்தான் கதைத்திருக்கிறோம். அதனால் எழுதுகிறேன். அனிற்றா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். வாசிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறாள், வாசிப்பாள். கோயில் மண்டபத்துத் தமிழ் வகுப்பில் நீ அழுது அழுது படித்த எழுத்து இன்றைக்காவது உதவட்டும்.

வந்தவர் மிலான் பக்கத்து ஆள். தானும் ஒரு காலத்தில் அமெரிக்காவில், அந்த நாட்டு உதைபந்தில், உன்னைப் போலவே முன்வரிசையில் நின்று விளையாடியவராம். இப்போது அங்குள்ள பெரிய அணி ஒன்றுக்காக, தொழிலாக விளையாடத் தகுந்த பிள்ளைகளைப் பார்த்து எழுதி அனுப்புவது அவர் வேலை. உன் கல்லூரி ஆட்டங்கள் எல்லாவற்றையும் பல தடவை பார்த்துவிட்டாராம். வீடியோவில் தெரியாததைப் பார்க்கத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். எனக்கு முதல் அதிர்ச்சி அங்கேயே தொடங்கியது. கபோச் சந்தையில் நான் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன், அது உனக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதர் எங்கள் வாசற்படியில் நின்று, அப்பா மூன்றாம் மாடிக்கு ஏறி வருவதை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று அனிற்றா கேட்டதற்கு, "உங்கடை அப்பாவின்ரை முழங்கால் இந்த வயசிலை எப்பிடி வேலை செய்யுது எண்டு பாக்கிறன்" என்றாராம். பிறகு அப்பாவைச் சுவரோடு நிற்க வைத்துக் கையை நீட்டச் சொல்லி, தோள் எலும்பில் இருந்து நடுவிரல் நுனி வரைக்கும் நாடாவால் அளந்தார். எங்கள் கலியாணச் சட்டைக்குக்கூட தையற்காரர் அவரை இவ்வளவு கவனமாக அளந்ததில்லை. அப்பா வெட்கத்தோடு, பிடிபட்ட கள்ளனைப் போலச் சுவரைப் பார்த்தபடி நின்றார். அளந்து முடிந்ததும் அந்த மனிதர், "மகனுக்குக் கை எங்கையிருந்து வந்தது எண்டு விளங்கிட்டுது" என்று சொல்ல, அப்பாவுக்கு ஒரு சிரிப்பு வந்தது பார், நீ கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்றுதான் அவரை அப்படிக் கண்டிருக்கிறேன்.

பிறகு கேள்விகள். நீ தோற்றால் வீட்டில் என்ன செய்வாய். யாராவது பிழை பிடித்தால் முகம் எப்படிப் போகும். விடியற்காலையில் தானாக எழும்புவாயா. உனக்கு இந்த விளையாட்டு உண்மையிலேயே விருப்பமா, இல்லை உடம்பு பெரிதாக இருப்பதால் விளையாடுகிறாயா. நான் வாயைத் திறக்க முதலே சிஞ்ஞோரா தொடங்கிவிட்டா. "அந்தப் பிள்ளையோ! என்ரை அலுமாரியைத் தனிய, கதவோடை, மேலை ஏத்தினவன்! மலை! மலை போல உடம்பு, தேவதூதன் போல மனசு! இந்தக் கபோவிலை அவனைப் போல ஒருத்தன் இல்லை!" கையைத் தட்டித் தட்டிச் சொன்னா. அந்த மனிதர் தலையாட்டி ஆட்டி எழுதினார். எனக்குப் பயம் வந்தது. இவ்வளவு புகழ்ச்சி, அதுவும் ஒரு பிள்ளையைத் தெரிவு செய்கிற நேரத்தில், அதுவும் நீ கடலுக்கு அப்பால் இருக்கும்போது. புகழ்கிற நாக்கால் வருகிற நாவூறு என்று ஒன்று வேதத்தில் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் என் அம்மா, என் மாமி, எங்கள் ஊர் பேசாலையில் என் தெருவில் இருந்த எந்தத் தாயும், பிள்ளையை ஒருவர் புகழ்ந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. உடனே ஒரு குறையைச் சொல்லி அந்தப் புகழைக் கீழே இறக்கிவிட வேண்டும். பெண் கேட்டு வருகிறவர்களுக்கும் அந்தப் பேச்சு பழக்கம். தாய் "அவளுக்கு ஒண்டும் தெரியாது" என்றால், நல்ல பிள்ளை, அடக்கமான வீடு என்று அவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

ஆகவே நானும் இறக்கினேன். "ஐயோ, அவன் சரியான சோம்பேறி" என்றேன். "எழுப்பினாலும் எழும்பமாட்டான். உடம்புதான் இருக்கு, ஒரு வாளி தண்ணி தூக்கச் சொன்னா ஆயிரம் சாட்டுச் சொல்லுவான். ஆரும் பிழை சொன்னா மூண்டு நாளைக்கு முகம் தூக்கிக்கொண்டு இருப்பான். விளையாட்டோ? சாப்பாடு நல்லாக் குடுக்கினம் எண்டுதான் போனவன்." எனக்குத் தெரிந்த இத்தாலியனில், பிழைபிழையாக, ஆனால் நன்றாக விளங்கும்படி சொன்னேன். பாதியில் அனிற்றா என் முழங்கையைப் பிடித்தாள்.

"அம்மா, என்ன கதைக்கிறீங்கள்? அவர் எல்லாத்தையும் எழுதுறார்!"

"எழுதட்டும். சும்மா ஒரு பேச்சுக்குத்தானே."

"பேச்சுக்கு இல்லை அம்மா! அண்ணாவின்ரை தாயே சோம்பேறி எண்டு சொல்லுறா எண்டு அங்கை போகப்போகுது!"

கொப்பியை எட்டிப் பார்த்தேன். என் வார்த்தைகள் ஒவ்வொன்றும், ஒரு கோட்டுக்கு ஒன்றாக, அழகான கையெழுத்தில் இருந்தன. சோம்பல். கண்டிப்பைத் தாங்கான். விளையாட்டில் ஆசை இல்லை. பெற்றவள் வாயால் பிள்ளையின் வாழ்க்கையில் கோடு போடுவது இவ்வளவு சுலபமா? என்னைக் காப்பாற்றியது யார் என்று நினைக்கிறாய், அதே சிஞ்ஞோராதான். கண்ணூறு படாமல் இருக்க இந்த ஊரார் செய்வது போல, அவ கதிரையின் இரும்புக் காலை ஒரு கையால் தொட்டுக்கொண்டு, மறு கையால் அவருடைய பேனையைப் பிடித்தா. "நீங்கள் வடக்கத்தி ஆள், உங்களுக்கு இது விளங்காது. இவ மலோக்கியோவுக்கு, அதுதான் கண்ணூறுக்கு, பயந்து பொய் சொல்லுறா. என்ரை அம்மாவும் இப்பிடித்தான், என்னை 'குரங்கு' எண்டுதான் ஆக்களுக்குக் காட்டினவ. வெட்டுங்கோ அதை. வெட்டுங்கோ!" அவர் சிரித்தார், ஆனால் வெட்டவில்லை. பக்கத்தில் ஏதோ சிறிதாக எழுதினார். "அப்ப, சிஞ்ஞோரா, உண்மை என்ன?" என்று என்னைக் கேட்டார்.

இந்த இடத்தில்தான் நான் இரண்டாவது பிழை செய்தேன். அது பிழையா என்று நீதான் சொல்ல வேண்டும். வாயால் சொன்னதை இனி யார் நம்புவார்கள் என்று எண்ணி, அலுமாரிக்குள் இருந்த நீலக் கொப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

உனக்கு இந்தக் கொப்பியைப் பற்றி நான் சொன்னதில்லை. நீ போன முதல் வருடம் ஆட்டத்தைப் பார்த்து எனக்கு அழுகைதான் வந்தது. உதைபந்து என்று பெயர், ஆனால் நீ பந்தைத் தொடவே இல்லை. எல்லாரும் ஓடுகிறார்கள், எறிகிறார்கள், நீ மட்டும் ஒருவனோடு முட்டிக்கொண்டு நின்றாய். ஏதோ தண்டனையாக்கும் என்று நினைத்தேன். அனிற்றாதான் சொன்னாள்: "பந்தைப் பாக்காதீங்கோ அம்மா, அண்ணாவை மட்டும் பாருங்கோ." அப்படியே பார்த்தேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து, சோறு உலைக்கு ஏறியதும், நிறுத்தி நிறுத்தி. விளக்கம் சொல்லும் வீடியோக்களையும் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். நீ வரிசையின் இடது ஓரத்தில் நிற்கிறாய். பந்தை எறிகிறவன் எறியத் திரும்பும்போது அவனுடைய முதுகு உன் பக்கம். அவன் காணாத பக்கத்தைக் காக்கிறவன் நீ. நீ சரியாகச் செய்தால் உன் பெயரை ஒருவரும் சொல்லமாட்டார்கள், பிழைத்தால்தான் சொல்வார்கள். இது விளங்கிய அன்று எனக்கு உன்மேல் வந்த பாசத்தை எழுதத் தெரியவில்லை. இந்த வேலையைத்தானே நானும் இருபத்தைந்து வருடமாக இந்த வீட்டில் செய்கிறேன்! அன்று தொடங்கியதுதான் கணக்கு. நீ மறித்துவிட்டால் ஒரு சிறு சிலுவை. உன்னைத் தாண்டி ஒருவன் போய்விட்டால் ஒரு சுழி. சுழிக்குப் பக்கத்தில், அவன் உன் வெளிப்பக்கத்தால் போனானா, உள்ளே வெட்டிப் போனானா என்று 'வெளி' அல்லது 'உள்'. அதுவும் அனிற்றா சொல்லித்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம்.

அவர் முதலில் மரியாதைக்குப் புரட்டினார். பிறகு கண்ணாடியைப் போட்டார். பிறகு கதிரையை மேசைக்கு இழுத்தார். கத்தரிக்காய் ஆறிப் போனது. தங்கள் அணியிலும் இப்படித்தான் ஒவ்வொரு தடவைக்கும் குறி போடுவார்கள் என்றும், தன்னுடைய குறிகளும் என்னுடையவையும் பத்துக்கு ஒன்பது ஒத்துப்போகின்றன என்றும் சொன்னார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பெருமை வந்தது, தம்பி, மறைக்கமாட்டேன். அந்தப் பெருமை ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. அவர் இந்த வருடத்துப் பக்கங்களை மட்டும் தனியாகப் பிரித்து, விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். எழுத்து தமிழ்தான், ஆனால் 'உள்' என்பது எது, 'வெளி' என்பது எது என்று அனிற்றாவிடம் கேட்டு அறிந்துகொண்டார். முதல் ஆறு ஆட்டங்களில் சுழி அங்கொன்றும் இங்கொன்றும். வெளியும் உண்டு, உள்ளும் உண்டு. ஏழாம் ஆட்டத்தில் இருந்து சுழிகள் கூடின. அத்தனையும் 'உள்'. ஒன்றுகூட 'வெளி' இல்லை.

"இடது கால் எப்ப காயப்பட்டது?" என்று கேட்டார்.

நான் "காயம் ஒண்டும் இல்லையே" என்றேன். அவர் எழும்பி நின்று, எங்கள் சாப்பாட்டு மேசைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் இடையில், நீ நிற்பது போல நின்று காட்டினார். வெளியால் வருகிறவனை மறிக்க, இடது காலைப் பின்னுக்குப் போட்டுப் போட்டுப் போக வேண்டும். அவன் திடீரென்று உள்ளே வெட்டினால், அதே இடது காலை ஊன்றி, நிலத்தைத் தள்ளித் திரும்ப வேண்டும். ஊன்ற நோகிற கால் ஒரு நொடி பிந்தும். அந்த நொடிக்குள் அவன் போய்விடுவான். "நாங்கள் இதைப் பழக்கக் குறை எண்டு எழுதி வைச்சிருந்தம்" என்றார். "ஆனா ஆறு ஆட்டத்திலை இல்லாத பழக்கக் குறை ஏழாவதிலை வருமே, சிஞ்ஞோரா? உங்கடை கொப்பி சொல்லுது, இது குறை இல்லை, நோவு."

தம்பி, ஒவ்வொரு சுழியும் என் கையால் போட்டது. சோறு கொதிக்கக் கொதிக்க, உன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்துப் போட்டது. எழுதினேனே தவிர, திருப்பி வாசிக்கவில்லை. மாதக்கணக்காக என் பிள்ளை நோவோடு நின்றிருக்கிறான், நான் அதை ஒழுங்காக, கோடு பிசகாமல், பதிந்து கொண்டிருந்திருக்கிறேன். உன்னைத் தெரியாத ஒருவர், வேறு பாஷைக்காரர், என் எழுத்தில் பத்து நிமிடத்தில் கண்டதை நான் மூன்று மாதமாகக் காணவில்லை. அவர் போன பிறகு அப்பாவும் நானும் ஏழாம் ஆட்டத்தைத் திரும்பப் போட்டோம். இரண்டாம் பகுதியில் ஒருவன் உன் காலின் மேல் விழுகிறான். நீ எழும்புகிறாய். எழும்பும்போது வலது கையை நிலத்தில் ஊன்றுகிறாய். அதற்கு முன் ஒரு ஆட்டத்திலும் நீ கை ஊன்றி எழும்பினதில்லை. அப்பா அந்த இடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இதுக்கு நீர் என்ன போட்டிருக்கிறீர்?" கொப்பியைப் பார்த்தேன். சிலுவை போட்டிருக்கிறேன். மறித்துவிட்டாய் அல்லவா, அதனால்.

இன்று காலை பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். உன்னைச் சோம்பேறி என்று சொன்ன பொய்யைச் சொல்வதற்குத்தான் போனேன். வரிசையில் நிற்கும்போதுதான் மற்றது ஞாபகம் வந்தது. அது ஞாபகம் வந்ததும் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரை முன்னே விட்டேன். உனக்குப் பதினாறு வயது. மொண்டெல்லோக் கடற்கரையில் கோடை வேலை. இரண்டு கைக்கும் இரண்டிரண்டு சாய்கட்டிலாக மணலில் நீ தூக்கிக்கொண்டு போவதைக் கண்டுதான் இந்த ஊரில் அந்த அமெரிக்க உதைபந்து பழக்குகிற பயிற்சியாளர் உன்னை விளையாட்டுக்குக் கேட்டார். அடுத்த கிழமை மைதானத்துக்கு வந்து விளையாடிக் காட்டச் சொன்னார். அந்தக் கிழமைக்குள் நீ படியில் வழுக்கி, முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியது. இடது முழங்கால். நீ வைத்தியரிடம் போவோம் என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. வேலையும் போயிடும், அந்த மனிசனும் வேண்டாம் எண்டிடுவார்." தைலம் பூசி, பழைய சேலைக் கிழிசலால் கட்டி, நொண்டாமல் எப்படி நடப்பது என்று இந்த வீட்டு நடையில் வைத்து உனக்கு நான்தான் பழக்கினேன். நீ நொண்டவில்லை. அவர் உன்னை எடுத்தார். அந்தச் சந்தோசத்தில், நேர்த்தி வைத்து, புனித றொசலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறி மெழுகுதிரியும் கொளுத்தினேன். ஒரு பொய் பலித்ததற்கு ஒரு புனிதைக்கு நன்றி சொன்னேன்.

ஆகவே நீ ஏன் மறைத்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. யாரிடம் படித்தாய் என்று எனக்குத் தெரியும். உன்னை முதன்முதலில் ஒருவர் அளந்து பார்த்தபோது, நோவை மூடி வைத்தால் தெரிவாகலாம் என்று காட்டிக் கொடுத்தவள் நான். பாதிரியாரிடம் இரண்டையும் சொன்னேன். முதலாவதற்குச் சிரித்தார். இரண்டாவதற்குச் சிரிக்கவில்லை. "இதை என்னிடம் மட்டும் சொன்னால் போதாது" என்றார்.

இப்போது புத்தி சொல்கிற உரிமை எனக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரியவில்லை, இருந்தாலும் தாய் என்கிற அளவுக்குச் சொல்கிறேன். உன்னை ஒருவர் புகழ்ந்தால் நன்றி என்று சொல்லி நிறுத்து. என்னைப் போல உன்னைக் கீழே இறக்காதே. கேட்கிறவர்கள் எல்லாரும் எங்கள் தெருக்காரர் இல்லை. ஒருவரும் பார்க்காத வேலையைச் செய்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வரும், தன் நோவையும் ஒருவரும் பார்க்கத் தேவையில்லை என்று நினைப்பான். எனக்கும் அது வந்தது. என் இடுப்பு நோவை உன் அப்பா அறிந்ததே போன மாதம்தான், அதுவும் நான் பூசையில் முழந்தாள்படியிட முடியாமல் நின்றதைக் கண்டு. இன்னொருவனின் முதுகைக் காக்கிறவன் தன் காலை மறைத்தால், அவன் காக்கிற ஆளுக்கும் அது துரோகம்தான். அந்தப் பந்து எறிகிற பிள்ளைக்கும் ஒரு தாய் இருப்பா. அவவும் எங்கேயோ இருந்து பார்த்துக்கொண்டு இருப்பா. அவ நம்பியிருப்பது உன் இடது காலை.

வந்தவர் கெட்டவர் இல்லை. வாக்கும் தரவில்லை. வாற மாதம் எல்லா அணிகளின் வைத்தியர்களும் தெரிவுக்கு நிற்கிற உங்கள் எல்லாரையும் படுக்க வைத்து ஒவ்வொரு மூட்டாகச் சோதிப்பார்களாம். அங்கே அவர்களாகக் கண்டுபிடித்தால், காயத்தைவிட மறைத்ததைத்தான் பெரிதாக எழுதுவார்கள் என்றார். முதலே சொன்ன முழங்காலுக்காகச் சில அணிகள் ஒரு வருடம்கூடக் காத்திருந்ததுண்டு, காத்திருக்காததும் உண்டு. கொப்பியின் அந்தப் பக்கங்களைப் படம் எடுக்கலாமா என்று கேட்டார். நான் அதன்மேல் கையை வைத்தேன். "என்ரை மகனைக் கேக்காமல் தரமாட்டன்" என்றேன். அவர் தலையாட்டி, தான் கண்டதைக் காணவில்லை என்று எழுத முடியாது, ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஒன்றும் அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன கத்தரிக்காயில் இரண்டு துண்டு சாப்பிட்டு, அப்பாவுக்குக் கை கொடுத்துப் போனார். கதவடியில் நின்று, நான் சொன்ன மற்ற விசயங்களைத் தன் கொப்பியில் வெட்டிவிட்டதாக எனக்குக் காட்டினார். சோம்பல் என்பதன் மேல் இரண்டு கோடு போட்டிருந்தது.

நீலக் கொப்பி இப்போது மாதாவின் சுரூபத்தடியில் இருக்கிறது. நீ கொடுக்கச் சொன்னால் கொடுப்பேன். கொடுக்க வேண்டாம் என்றால் ஒரு தாளும் வெளியே போகாது. ஆனால் அவர் திரும்ப என்னைக் கேட்டால், நான் இனி காயம் இல்லை என்று சொல்லமாட்டேன், அதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். நீயே உன் பயிற்சியாளரிடமும் வைத்தியரிடமும் போய்ச் சொல்வதாக இருந்தால் அதுதான் எனக்கு விருப்பம். தெரிவு நடக்காமல் போனாலும் போகட்டும். இந்த மூன்று மாடியையும் உன் அப்பாவின் வயதில் நீ நோவில்லாமல் ஏறி வர வேண்டும்.

எனக்கு வேண்டியது மூன்று பதில். இடது முழங்கால்தானா? ஏழாம் ஆட்டத்தில்தான் பட்டதா, இல்லை மொண்டெல்லோவில் இருந்தே நோகிறதா? கொப்பியைக் கொடுக்கவா, வேண்டாமா? வியாழன் பின்னேரத்துக்கு முன் பதில் எழுது, தம்பி. "ஒண்டுமில்லை அம்மா" என்று மட்டும் எழுதாதே.

அம்மா